வாரியல் புரோகிராம் பெருக்கித் தள்ளிய மாரியம்மாள்

கம்ப்யூட்டரில் வேலையைச் சுலபமாக்க எந்தப் புரோகிராம் நல்லது என்று எங்கள் கம்ப்யூட்டர் கடையில் இப்போது இருக்கும் பெண்கள் என்னிடம் கேட்டார்கள். தெரிந்துகொள்ளவா கேட்டார்கள்? சீண்டத்தான். "செல்லம்மக்காவோட காலத்தில இந்த ஆப் ஒக்கெ உண்டாயிருந்தோ?" என்று ஒருத்தி இழுத்தாள். கையில் ஃபோன் இருக்கிற தைரியம். நான் மூன்று வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வரியில் நிறுத்த எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சீண்டியவர்கள் முழுக்கப் படிக்கட்டும், அதுதான் தண்டனை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நாலாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்ததால் என் கணக்கில் அது ஆறு வருடப் படிப்பு. எங்கள் வீடு கேரளத்தில், கரமனையில் ஆற்றங்கரைப் பக்கம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே அக்ரகாரத் தெரு முனையில் சுகுமாரன் சார் ஒரு கம்ப்யூட்டர் கடை திறந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வேலைக்கு விண்ணப்பம், எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடை. தரை துடைக்கவும் பாலில்லாத கட்டன்சாயா போடவும் என்னை வைத்தார். தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே அடித்து, பிழை திருத்தி, எங்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சார் கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். தமிழ் தெரிந்த ஆளாக அங்கே நான்தான் பக்கெட்டோடு நின்றேன்.

"செல்லம்மே, பக்கெட் அவிடெ வை. இவிடெ இரி."

இதுதான் என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். மலையாளம் படிக்கப் பஸ் போர்டு ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருந்தது. கீபோர்டில் தமிழ்க் கட்டைகள் கைக்கு வந்தபிறகு மலையாளக் கட்டைகளும் பின்னாலேயே வந்துவிட்டன. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஒற்றை விரலில் தொடங்கி எல்லா விரலுக்கும் வேலை வந்தது, கழுத்துக்கு வலி வந்தது.

சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன் வேட்டியைச் சரிசெய்து, நாற்காலியில் தொங்கும் துவர்த்துத் துண்டில் இரண்டு கையும் துடைத்துக்கொள்வார். மவுஸை இரண்டு விரலால்தான் தொடுவார், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல. காலையில் வந்தால் "சுகந்தன்னே?" என்று கேட்க மாட்டார். "ஸேவ் செய்தோ?" என்பார். ஒரு தடவை இடி இறங்கிக் கரண்டு போனதில் அடித்து வைத்த ஒரு கோயில் மலர்ப் புத்தகம் முழுக்கக் காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் இலையைக் கடந்து போனவர், பழக்கதோஷத்தில் அங்கேயும் கேட்டார். "சாம்பார் ஸேவ் செய்தாச்சு சாரே, பாயசம்தான் பாக்கி," என்றேன்.

சாருக்குக் கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். அதுவும் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை, புத்தகத் தமிழ். மலையாளத்தில் திட்டினால் தனக்கே வலிக்கும் என்பார்.

மாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார். அதன் அட்டையில் ஒரு சி.டி. ஒட்டியிருக்கும். அதை பிளேடால் பிரிக்கும்போது கடையில் யாரும் பேசக் கூடாது. உள்ளே கைக்கு அடக்கமான சின்னச் சின்ன புரோகிராம்கள் நிறைய இருக்கும். பாதி எதற்கும் உதவாது. திரையில் மீன் நீந்துவது ஒன்று இருந்தது. சாருக்கு அது ரொம்பப் பிடித்தது. மீதிப் பாதி இருக்கிறதே, அதுதான் என் செல்வம். அவற்றின் இங்கிலீஷ் பேர் என் வாயில் நிற்காது. நானே பேர் வைத்தேன்.

முதலில் வந்தது 'மடி'. சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் ஒன்றை காப்பி எடுத்தால் அது ஒன்றைத்தான் ஞாபகம் வைக்கும்; அடுத்ததை எடுத்தால் முதலாவது போய்விடும். இந்தப் புரோகிராம் எடுத்ததையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கேட்டதைக் கொடுக்கும். நாம் சேலை மடியில் சில்லறை, சாவி, வெற்றிலை, பஸ் டிக்கெட் எல்லாம் சொருகி வைத்திருப்போமே, அப்படி. மாப்பிள்ளை பேர், பெண் பேர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பத்திரிகையை சாயா ஆறுவதற்குள் முடிக்கலாம்.

அடுத்தது 'கிளி'. இரண்டு எழுத்து அடித்தால் நாம் சொல்லிக் கொடுத்த முழு வாக்கியத்தையும் அது சொல்லிவிடும். 'தந' என்று அடித்தால் 'தங்கள் நல்வரவை எதிர்நோக்கும்' என்று திரையில் தானாக ஓடும். அதை முதலில் பார்த்த அன்று நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். "அப்ப ரெண்டு தட்டு தட்டினா பரோட்டா தானா வீசிக்கிடுமா?" என்று கேட்டார். பொறாமை.

'மஞ்சத்துண்டு' என்று ஒன்று. திரையில் ஒட்டி வைக்கிற குறிப்புச் சீட்டு. நான் அதில் 'அஞ்சாம் நம்பர் தெரு மாமி மூணு தடவை திருத்தம் சொல்லுவா, முதல் தடவை திருத்தாதே' என்று எழுதி ஒட்டியிருந்தேன். மாமி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "மூணு இல்லடி, நாலுன்னு போடு, ஆத்துல இன்னும் அத்தை பாக்கல," என்றாள்.

இப்படிக் கூத்தும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, சார் மலைப்பக்கம் விதுரா சந்தையில் இன்னொரு கடை போட்டார். மேலே போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் இருப்பவர்கள் தமிழர்கள். எந்த மனு எழுதவும் விதுராவுக்குத்தான் இறங்கி வருவார்கள். தமிழில் கேட்டு மலையாளத்தில் அடிக்க ஓர் ஆள் வேண்டும். மைதா எல்லா ஊரிலும் மைதாதான் என்று சொல்லி என் வீட்டுக்காரரும் கூடவே வந்துவிட்டார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ரேஷன் கார்டு புதிதாகக் கொடுக்கிறார்கள் என்று எஸ்டேட் முழுக்க மனு எழுதிக் கொடுத்தது. யூனியன்காரர் தங்கராஜ் அண்ணன் மனுக்களை அரிசிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். எல்லாப் பேரையும் மலையாளத்தில் ஒரே பட்டியலாக அடித்து, லயத்துக்கு ஓர் ஆளாவது வந்து கைநாட்டு வைத்து, வெள்ளிக்கிழமை பூட்டுவதற்குள் தாலுகா ஆபீஸில் கொடுக்க வேண்டும். லயம் என்றால் எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் கார்டு இல்லை.

நான் மடியும் கிளியுமாக அடித்துத் தள்ளினேன். 'லய' என்றால் எஸ்டேட் விலாசம் முழுக்க ஓடும். பிறகுதான் தெரிந்தது, ஒரு மனு காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பாதிப் பேர் இரண்டு மனு கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் வால் நீண்டு கிடந்தது.

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த மாத சி.டி.யில் இதற்கென்றே ஒரு புரோகிராம் வந்திருந்தது. ஒரே மாதிரி இருக்கும் வரிகளைக் கண்டுபிடித்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடும். துடைப்பத்தை நாங்கள் வாரியல் என்போம். நான் உடனே அதற்கு 'வாரியல்' என்று பேர் வைத்தேன். சார் கை துடைத்துக்கொண்டு இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் மெலிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். தங்கராஜ் அண்ணனும் தட்டினார், எதற்கென்று தெரியாமலே.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர் சாக்கை தாலுகாவில் சேர்த்துவிட்டு வந்தார். மதிய பஸ்ஸில் எஸ்டேட் ஆட்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு லயத்துக்காரரும் மை தொட்டு வைத்துவிட்டு எதிரே பரோட்டா கடையில் போய் உட்கார்ந்தார்கள். ஏழாம் லயத்திலிருந்து மட்டும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தியை மட்டும் அனுப்ப மற்றவளுக்கு நம்பிக்கை இல்லை. சார் படித்தார்:

"லயம் ஏழ். மாரியம்மாள். பர்த்தாவு முருகன்."

மை தொட்ட இரண்டு பெருவிரல் ஒரே இடத்துக்கு வந்தன.

"ஏட்டி, கையை எடு. அது நானு."

"நீயா? எங்க வீட்டுக்காரரு பேருல்லா கெடக்கு."

"ஒன் வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் முருகன்னு பேரு வச்சாவளா? அப்ப எங்க வீட்டுக்காரரு யாரு, மயிலா?"

சார் என்னை மெதுவாக மூலைக்கு அழைத்துப் போனார். "செல்லம்மே, ஒரு காரியம். ஒராளுக்கு ரெண்டு பார்யமாரா?"

"கேட்டுப் பாருங்க சாரே. நான் கதவைத் தொறந்து வைக்கேன், ஓடத் தோதா இருக்கும்."

அது அவர்கள் காதில் விழுந்துவிட்டது. "மேல இருக்க முருகனுக்குத்தான் ரெண்டு, சாரே," என்றாள் ஒருத்தி. "எங்க முருகனுக்கு ஒண்ணே தாங்கலை."

விஷயம் பிறகு புரிந்தது. எஸ்டேட்டில் இவர்களை யாரும் மாற்றிக் கூப்பிட்டதே இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்பவள் டாங்கி மாரி, கோயில் பக்கம் இருப்பவள் கோயில் மாரி. ஆனால் சர்க்கார் காகிதத்தில் பட்டப்பேர் எழுதினால் மரியாதைக் குறைவு என்று இருவரும் மாரியம்மாள் என்றே எழுதச் சொல்லியிருந்தார்கள். புருஷன் இருவரும் முருகன். வயது தெரியாதவர்களுக்கெல்லாம் தங்கராஜ் அண்ணன் நாற்பது போட்டிருந்தார். வீட்டுப்பேர் என்ற இடத்தில் இருவருக்கும் 'லயம்'. வாரியலுக்குக் கண்ணா இருக்கிறது? இரண்டு பெண்ணை ஒருத்தி என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டது.

டாங்கி மாரியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சத்தம் இறங்கிவிட்டது. "எம் பொண்ணு வசந்தாவுக்கு நர்ஸ் படிக்க எடம் கெடச்சிருக்கு அக்கா. சாதி சர்ட்டிபிகேட்டுக்குக் கார்டு கேக்காவ. கார்டு இல்லன்னா சர்ட்டிபிகேட் இல்ல. சர்ட்டிபிகேட் இல்லன்னா அவளும் நாளைக்கு கொழுந்துக்கூடை தூக்கிக்கிட்டு எம் பின்னாலதான் வருவா."

கோயில் மாரி மை தொட்ட விரலைக் காகிதத்தில் வைக்காமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வையிட்டி, ஒன் எடம் எனக்கு வேண்டாம்," என்றாள் டாங்கி மாரி. "எனக்கு என் எடந்தான் வேணும்."

வாரியல் இன்னும் யார் யாரைப் பெருக்கியதோ? பழைய பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். பழையது இல்லை. மெலிந்த பட்டியல்தான் இருந்தது. நான் திரும்பி சாரைப் பார்த்தேன். அவர் நின்ற இடத்திலேயே வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"செல்லம்மா," என்றார், சுத்தமான தமிழில். "நான் அதன் மேலேயே சேமித்துவிட்டேன்."

தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷத்தில் சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனுக்களோ தாலுகாவில். திரும்ப வாங்கிப் பார்க்க நேரம் இல்லை.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை?" என்றாள் கோயில் மாரி. "பெரட்டுக் கூப்பிட்டா தீந்துது."

எஸ்டேட்டில் காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. தினமும் மழையிலும் பனியிலும் கேட்டுக் கேட்டு அவர்கள் காதில் ஊறிக் கிடக்கிறது. தங்கராஜ் அண்ணன் ஓடிப் போய்ப் பரோட்டா கடையிலிருந்து எல்லாரையும் எழுப்பிக் கொண்டுவந்தார். பாதிப் பேர் கையில் பரோட்டாவோடு வந்தார்கள்.

அப்போது சார்தான் ஒன்று சொன்னார். "வெறும் பேர் சேர்த்தா போராது. ஒரே பேர் ரெண்டு கண்டா ஆபீஸிலும் ஒண்ணு வெட்டும். வீட்டுப்பேர் எழுதணும். கேரளத்தில வீட்டுப்பேர் இல்லாத்த ஆள் உண்டோ?"

"வீடே இல்ல சாரே," என்றாள் டாங்கி மாரி. "பேரு எதுக்கு?"

"பேரை மொதல்ல வைப்போம்," என்றேன். "வீடு பின்ன வரட்டும்."

அதன்பிறகு அந்தக் கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கும். ஒவ்வொரு லயத்துக்காரரும் முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை பேர் கூப்பிட்டார்கள். சார் அடித்த பட்டியலை விரலால் பிடித்துக்கொண்டே வந்து, "உண்டு, உண்டு, இல்லா," என்றார். 'இல்லா' என்றதும் நான் அடித்தேன். ஒரே பேரில் இரண்டு பேர் வந்த இடமெல்லாம் வீட்டுப்பேர் சூட்டினோம்.

"செல்வி, புருஷன் ராஜா."

"எந்தச் செல்வி? பல்லு செல்வியா, பாட்டு செல்வியா?"

"பல்லுன்னு எழுதிராதக்கா, அவ கடிச்சுருவா. வாசல்ல பிலாமரம் நிக்கு."

"பிலாமூடு," என்று பலா மரத்தடியையே பேராக்கி அடித்தேன்.

"எனக்கு வாழத்தோப்பு."

"ஏளா, ஒரு வாழைதான நிக்கு?"

"குலை தள்ளட்டும், பெறவு பாரு."

கிளியும் மடியும் அன்றைக்கு உழைத்த மாதிரி வேறு என்றைக்கும் உழைக்கவில்லை. 'லய' என்றால் விலாசம். மடியிலிருந்து முருகன், ராஜா, பேச்சிமுத்து என்று எடுத்து எடுத்துச் சொருகினேன். சார் என் பின்னால் நின்று "ஸேவ் செய்தோ?" என்று கேட்க வாயைத் திறந்து, கேட்காமலே மூடிக்கொண்டார்.

கோயில் மாரி 'கோயிலடி' என்று வைத்துக்கொண்டாள். டாங்கி மாரியிடம் வந்தோம்.

"டாங்கியடின்னு போடவா?"

"காலம்பூரா டாங்கியடியா? எழுதுறதுதான் எழுதுத, பெரிசா எழுதேன் அக்கா." கொஞ்சம் யோசித்தாள். "பங்களான்னு எழுது."

கடையே சிரித்தது. "ஒழுகுற பங்களா," என்றாள் கோயில் மாரி. எஸ்டேட்டில் பங்களா என்றால் மானேஜர் துரை இருக்கிற இடம், ஒன்றே ஒன்றுதான்.

"செல்லம்மே..." என்று சார் தொடங்கினார்.

"அடிச்சாச்சு சாரே," என்றேன்.

மறுபடி பிரிண்ட் எடுத்து, மறுபடி எல்லாரும் மை தொட்டு வைத்தார்கள். சார் தன் ஸ்கூட்டரில் தங்கராஜ் அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மவுஸையே மெல்லத் தொடுகிற மனுஷன் அன்றைக்கு மலை இறக்கத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை என்று அண்ணன் பிறகு சொன்னார். ஆபீஸ் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பட்டியலை உள்ளே வைத்தார்களாம். திரும்பி வந்ததும் சார் முதல் வேலையாக வாரியலை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, சி.டி.யையும் முறித்துப் போட்டார்.

கொஞ்ச காலம் கழித்துக் கார்டுகள் வந்தன. பல்லு செல்விக்கு வந்தது, பாட்டு செல்விக்கு வந்தது, கோயில் மாரிக்கு வந்தது. டாங்கி மாரிக்கு மட்டும் ஒரு தாக்கீது வந்தது. பங்களாவில் குடியிருப்பவருக்கு ஏழைக் கார்டு எப்படிக் கொடுப்பது, ஆபீஸர் நேரில் வந்து பார்த்துத் தீர்மானிப்பார் என்று.

அவள் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். என்னிடம் சண்டை போடுவாள் என்று பயந்தேன். போடவில்லை. "வசந்தாவுக்கு இந்த மாசக் கடைசியில சர்ட்டிபிகேட் குடுக்கணும்," என்று மட்டும் சொன்னாள். எனக்கு அன்று ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஆபீஸர் வருகிற நாள் சார் கடையைப் பூட்டினார். நானும் அவரும் காலை பஸ்ஸில் மேலே போனோம். மழை. ஆபீஸரின் ஜீப் பாதி வழியில் சேற்றில் நின்றுவிட, அவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்து ஏறினார். கார்டு கொடுக்க அவர் யோசித்தாரோ என்னவோ, வழியில் இருந்த அட்டைகள் யோசிக்காமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டன. ஏழாம் லயத்துக்கு வந்தபோது மனுஷர் சோர்ந்துபோயிருந்தார்.

"மாரியம்மாளிண்டெ பங்களா எவிடெ?"

லயமே வாசலில் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. டாங்கி மாரி தன் அறை வாசலில் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"இதுதான் சாரே. தலையைக் குனிஞ்சு வாங்க. நம்ம பங்களாவுக்கு நிலை கொஞ்சம் தாழ்வு."

அவர் குனிந்து உள்ளே போனார். நாங்களும் வாசலில் எட்டிப் பார்த்தோம். ஒரே அறை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு இரண்டு அலுமினியப் பாத்திரம். சொட்டாத மூலையில், தேயிலைப் பெட்டிப் பலகையில், வசந்தாவின் புத்தகங்கள். கோயில் மாரி எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். கட்டன்சாயா கொடுத்தார்கள். ஆபீஸர் குடித்தார். அட்டை கடித்த கால்களைச் சொறிந்துகொண்டே கூரையைப் பார்த்தார். பிறகு முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கியவர், பேனாவை நிறுத்தினார்.

"கார்டு கிட்டும். வீட்டுப்பேர் மாற்றி எழுதட்டே? இது பங்களா அல்லல்லோ."

எனக்கு உயிர் வந்தது. மாற்றட்டும், எதை வேண்டுமானாலும் எழுதட்டும் என்று நான் அவளுக்குக் கண்ணால் சாடை காட்டினேன். டாங்கி மாரி என்னைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்தாள்.

"வேண்டாம் சாரே," என்றாள். "காலேஜில பிள்ளேட்ட வீட்டுப்பேரு கேப்பாங்கல்லா. அது அப்படியே கெடக்கட்டும்."

ஆபீஸர் அவளையும் வசந்தாவையும் பார்த்தார். பிறகு குனிந்து, எதையும் வெட்டாமல், கையெழுத்துப் போட்டார்.